வவுச்சர் எங்கே சார்?

உங்கள் வார்டு கவுன்சிலர் தேர்தலில் நின்றபோது அவரைப் பற்றிப் பத்திரிகையில் என்ன படித்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? ‘அப்பகுதி மக்களிடம் செல்வாக்குப் பெற்றவர் எனக் கூறப்படுகிறது.’ யார் கூறியது? அதைக் கேட்கக் கூடாது.

நான் படித்தது பி.காம். வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போட்டால் எங்கள் வாத்தியார் நோட்டைத் தூக்கி எறிவார். ‘கூறப்படுகிறது’ என்பது எங்கள் தொழிலின் சஸ்பென்ஸ் அக்கவுன்ட். இடிக்கிற எல்லாவற்றையும் அதில் தள்ளிவிடலாம்.

2022 பிப்ரவரி, நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் சமயம். ஒருவர் செல்போனில் ஒரு நோட்டீஸின் போட்டோவோடு வந்தார். “அந்தம்மா சொத்து வரி பாக்கி சார். போட்டுத் தாக்குங்க.” கதவு எண் தெரிந்தது. பெயர் இருந்த இடம் மடிப்பில் மறைந்திருந்தது. நீங்க யாருன்னு கேட்டேன். “பொதுமக்கள்ல ஒருத்தன்.” இரண்டாவது டீயில், எதிர் வேட்பாளருடைய மச்சான் என்று தெரிந்தது. (மச்சானாக இருப்பது குற்றமில்லை. நம் ஊரில் பாதிப் புலனாய்வு மச்சான்கள் புண்ணியத்தில்தான் நடக்கிறது.)

அந்தம்மாவுக்குப் போன் போட்டேன். எடுத்தது வீட்டுக்காரர். “எதுவானாலும் எங்கிட்ட கேளுங்க சார். அவங்க சமையல்ல இருக்காங்க.” தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டம் வந்தது. பேட்டி மட்டும் இன்னும் கணவர்தான் கொடுக்கிறார். நாங்களும் அதை மனைவி சொன்னதாகவே அச்சடிக்கிறோம். நான் விடவில்லை. அரை மணி கழித்து அவரே பேசினார்.

“வீடு மாமனார் பேர்ல இருக்கு. அண்ணன் தம்பி மூணு பேருக்குள்ள பாகப்பிரிவினை கேஸ். ஆனா பாக்கி இருக்கறது நிஜம்தான் சார், எழுதிக்கோங்க.”

வீட்டுக்காரர் இதைச் செத்தாலும் சொல்லியிருக்க மாட்டார். பாக்கி உண்டு, வீடு யார் பெயரில், கேஸ் என்ன, தகவல் கொடுத்தது போட்டியாளர் தரப்பு என்று நாலு வரி எழுதினேன். மச்சானுக்கும் கோபம், வீட்டுக்காரருக்கும் கோபம்.

காசு வாங்கிக்கொண்டு எழுதுவது தனி ரகம். 2009 மகாராஷ்டிரத் தேர்தலில், ஒரே புகழுரை வெவ்வேறு பத்திரிகைகளில் வெவ்வேறு நிருபர்கள் பெயரில் வந்ததை பி.சாய்நாத் வெளியே கொண்டுவந்தார். 2011-ல் உத்தரப்பிரதேச எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவை மூன்று வருடம் தகுதி நீக்கம் செய்தது தேர்தல் கமிஷன். காசு கொடுத்துப் போட்ட செய்தியைச் செலவுக் கணக்கில் காட்டவில்லை என்பதுதான் காரணம். பி.காம். காரனுக்கு இதைவிடச் சந்தோஷம் வேறென்ன!

நடுநிலை என்றால் ஆளுக்குப் பத்து சென்டிமீட்டர் என்று நினைக்கிற எடிட்டர்கள் உண்டு. வேட்பாளரின் உறுதிமொழிப் பத்திரத்தைப் பாருங்கள். ஒருவர் மீது இரண்டு வழக்கு, குடிதண்ணீர் கேட்டு மறியல் செய்தது. இன்னொருவர் மீதும் இரண்டு, அடுத்தவர் நிலத்துக்குப் பொய்ப் பத்திரம் போட்டது. ‘இருவர் மீதும் வழக்கு’ என்று தலைப்புப் போட்டால் சமம்தான், பொய்யும் இல்லை. வார்டு தேர்தலில் பத்து ஓட்டில் ஜெயிப்பவர்கள் உண்டு. சமமாக வந்தால் குலுக்கல். அந்தத் தலைப்பு எத்தனை ஓட்டைத் தின்னும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

எந்த வழக்கு எதற்காக என்று ஸ்டேஷனில் போய்க் கேட்டுவர ஒரு மதியம் ஆகும். பக்கம் முடிக்கிற நேரம் சாயங்காலம் ஆறு மணி.