வட்டவளைக் காற்றும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளும்

ரயிலில் மலைநாட்டுக்கு வரும் பயணிகள் நாவலப்பிட்டியைக் கடந்ததும் வானத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள். கலபொடையைத் தாண்டி வண்டி வட்டவளையை நெருங்கும்போது சன்னல்களை மூடிவிடுவார்கள். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் இது தவறாது நிகழும். கடலிலிருந்து நீரைச் சுமந்து வரும் காற்று, மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதித் தன் சுமையை இறக்கி வைக்கும் இடங்களுள் வட்டவளையும் ஒன்று. ஆண்டொன்றுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை காணும் பிரதேசம் இது. வடபுலத்து நண்பர் ஒருவரிடம் இக்கணக்கைச் சொன்னபோது, "அதில் பாதியை எங்களுக்கு அனுப்பக் கூடாதா?" என்று கேட்டார். அனுப்ப ஒரு வழி இருக்குமாயின், வட்டவளை மக்கள் முக்காற் பங்கையே அனுப்பிவிடுவார்கள்.

அவிசாவளையில் தொடங்கி, கித்துல்கலை, கினிகத்தேனை, வட்டவளை, அட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் ஏ7 நெடுஞ்சாலை இவ்வூரை ஊடறுத்துச் செல்கிறது. மோட்டார் சைக்கிள்களுக்கு நாட்டின் அதிவேகப் பாதைகளில் அனுமதி இல்லை. ஆகவே இருசக்கர வண்டிக்காரருக்கு நெடுஞ்சாலை என்றால் இத்தகைய சாலைதான். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் பள்ளத்தாக்கு. வளைவுக்கு வளைவு திசை மாறி வீசும் காற்று. இச்சாலையில் இருபது ஆண்டுகள் மோட்டார் சைக்கிளில் சென்று வந்த அனுபவம் எமக்கு உண்டு. அந்த ஒரு தகுதியை நம்பியே எம் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆனி மாதத்தில் எம்மைத் தேடி வந்தார்.

வட்டவளையை அடுத்த தோட்டமொன்றில், லயத்து விளக்கின் கீழ் படித்துப் பட்டம் பெற்றவர் அவர். கினிகத்தேனைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் ஆசிரிய நியமனம் கிடைத்திருந்தது. காலையில் அட்டனிலிருந்து வரும் பஸ்கள் நிரம்பி வழியும். பிரதான சாலையில் இறங்கிய பின்னரும் பாடசாலைக்கு மூன்று கிலோமீற்றர் நடக்க வேண்டும். முதல் மாதத்திலேயே நான்கு நாட்கள் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுந்துவிட்டதாம்.

"பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று பார்த்துத் தரவேணும், சேர். அம்மாவுடைய சேமலாப நிதிப் பணம் வந்திருக்கு," என்றார்.

இதைக் கேட்டதும் எமக்கு ஒரு கணம் தயக்கம் உண்டாயிற்று. முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற தாயின் ஊழியர் சேமலாப நிதி அது. அந்தப் பணத்தில் ஒரு பிழையான இயந்திரத்தை வாங்கிவிட்டால், அதனை மீண்டும் சேர்க்க இன்னொரு முப்பது ஆண்டுகள் அவருக்கு இல்லை.

புதிய வண்டி ஏன் வாங்கவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 இன் தொடக்கத்திலேதான் அத்தடை நீங்கிற்று. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய இரும்புக்கும் பொன்னின் மதிப்பு வந்துவிட்டது. இறக்குமதி மீண்டும் தொடங்கிய பின்னரும் புதிய வண்டியின் விலை தோட்டக் குடும்பத்துக்கு எட்டும் உயரத்தில் இல்லை. 2022 இல் எரிபொருட் பங்கீடு நடந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோலே கிடைத்தது. அந்நாட்களை அனுபவித்தவர்கள் இன்றும் வண்டி பார்க்கும்போது முதலில் கேட்கும் கேள்வி, "லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" என்பதே.

ஒரு சனிக்கிழமை காலையில் மாணவரும் அவர் தாயாரும் நாமுமாகப் புறப்பட்டோம். முதலில் தரகர் ஒருவர் காட்டிய வண்டியைப் பார்த்தோம். பளபளவென்று புதிதாக வர்ணம் பூசப்பட்டிருந்தது. 'டூ ஸ்ட்ரோக்' எனப்படும் ஈரடிப்பு இயந்திரம். உதைத்ததும் உறுமிற்று, உறுமியதும் பின்னால் நீலப்புகை எழுந்து, கடை வாசலில் நின்றவர்களை இரண்டடி பின்வாங்கச் செய்தது.

நாலடிப்பு இயந்திரம் மூச்சை இழுத்து, அமுக்கி, எரித்து, வெளியே விடுகிறது. நான்கு செயலுக்கும் தனித்தனி நேரம் உண்டு. ஈரடிப்பு இயந்திரத்திலோ, உள்ளே வரும் புதிய பெற்றோல் ஆவியே எரிந்த புகையை வெளியே தள்ளுகிறது. தள்ளும் வேளையில் அதன் ஒரு பகுதி எரியாமலே புகையுடன் போய்விடும். பெற்றோலோடு எண்ணெயும் கலந்து எரிவதால் நீலப்புகை உண்டாகிறது. இக்காரணம் பற்றியே ஈரடிப்பு முச்சக்கரவண்டிகளின் இறக்குமதி 2008 இல் நிறுத்தப்பட்டது. மலைச்சாலைக்கு இன்னொரு குறையும் உண்டு. நீண்ட இறக்கத்தில் கைப்பிடியை மூடி இறங்கும்போது, பெற்றோலோடு கலந்து வரும் எண்ணெயும் குறைந்துவிடும். இயந்திரம் வண்டியை இழுத்துப் பிடிப்பதும் சொற்பம். முழுப் பாரமும் பிரேக்கின் மேலேயே விழும்.

"புகைச் சான்றிதழ் இருக்கிறதா?" என்று கேட்டோம்.

"அதெல்லாம் ஒரு நாள் வேலை, சேர். ஓப்பன் பேப்பரில் தாறேன்," என்றார் தரகர்.

இவ்விடத்தில் மாணவ வாசகர்களுக்குச் சில விடயங்களைச் சொல்ல வேண்டும். வாகனப் புகைப் பரிசோதனை 2008 நவம்பரில் மேல் மாகாணத்தில் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. ஆண்டுதோறும் இச்சான்றிதழைப் பெற்றாலன்றி வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க இயலாது. மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயில் ஒரு நுண்குழாயைச் செலுத்தி, காபனோரொட்சைட்டின் அளவையும் எரியாத ஐதரோகாபன்களின் அளவையும் கணக்கிடுவார்கள். பலர் இதனை அரசாங்கம் வைத்த இன்னொரு வரி என்று எண்ணி முணுமுணுக்கிறார்கள். உண்மையில் அது இயந்திரத்துக்கு வைத்தியர் பார்க்கும் நாடி. முதல் எண் கூடினால் பெற்றோல் மிதமிஞ்சிச் செல்கிறது. இரண்டாவது எண் கூடினால் பிளக் சரியாகப் பொறிக்கவில்லை, அல்லது பிஸ்டன் வளையம் தேய்ந்து எண்ணெய் எரிகிறது. ஆகையால் பழைய வண்டி வாங்குபவர் 'சித்தி' என்ற சொல்லை மாத்திரம் பார்த்தல் போதாது. கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் சான்றிதழ்களைக் கேட்டு வாங்கி, எண்கள் ஏறிவருகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

'ஓப்பன் பேப்பர்' என்பதோ, பழைய உரிமையாளரின் ஒப்பத்தை மட்டும் வாங்கி, புதியவர் பெயரை எழுதாமலே கைமாற்றும் வழக்கம். அப்படி வாங்கிய வண்டி நம் முற்றத்தில் நிற்கும். சட்டத்தின் கண்ணில் இன்னொருவருடையதாகவே இருக்கும். விபத்தொன்று நேர்ந்தால் இருவருக்கும் துன்பம். தரகருக்கு வணக்கம் சொல்லிவிட்டு நடந்தோம்.

இரண்டாவது வண்டி அட்டனில் இருந்தது. 150 சீசீ நாலடிப்பு இயந்திரம். முன்புறத்தில் காற்றைக் கிழிக்கும் கூரிய முகப்பு, சிறிய கண்ணாடித் தடுப்பு. அதைக் கண்டதும் எம் மாணவரின் முகம் மலர்ந்ததை நாம் கவனிக்காமல் இல்லை. இருபத்தாறு வயதில் எமக்கும் அப்படித்தான் மலர்ந்திருக்கும்.

"காற்றுக்கு இது நல்லதுதானே, சேர்?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. காற்றின் எதிர்ப்பு, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். முப்பது கிலோமீற்றர் வேகத்தில் உள்ள எதிர்ப்பு அறுபதில் இரு மடங்கன்று, நான்கு மடங்காகும். நேரான சமவெளிச் சாலையில் வேகமாகச் செல்பவருக்கு, குனிந்திருக்கும்போது இம்முகப்பு நல்ல துணை. ஆனால் கினிகத்தேனை இறக்கத்தில் முப்பது நாற்பதுக்கு மேல் எவர் போக முடியும்? அங்கே நம்மை வருத்துவது எதிர்க்காற்றின் பலமன்று. மழைத்துளியும், நனைந்த காற்சட்டையில் பட்டு உடற்சூட்டை உறிஞ்சும் குளிருமே. இக்கூரிய முகப்பு முழங்காலுக்குக் கீழே எதையும் மறைக்காது.

உயர்ந்த கண்ணாடித் தடுப்பைப் பூட்டினால் என்ன என்று கேட்பவரும் உண்டு. நாமே ஒருகால் அப்படிப் பூட்டிப் பார்த்தோம். மழையில் கண்ணாடி புகாரேறி வழி மறைந்தது. துடைக்கக் கையெடுத்த வேளையில் பள்ளத்தாக்கிலிருந்து எழுந்த பக்கக்காற்று அத்தடுப்பைப் பாய்மரம்போலப் பிடித்துத் தள்ளிற்று. நல்வேளையாக மலைப்பக்கத்துக் கானில் விழுந்தோம். மறுபக்கமாயின் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம்.

அந்த வண்டிக்கு வேறொரு நோயும் இருந்தது. கொழும்பில் ஓடி அண்மையில் மலைக்கு வந்த வண்டி அது. ஆயிரம் மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கீழ்நாட்டுக் காற்றுக்கு அளந்து வைத்த காபுரேற்றர், இங்கும் அதே அளவு பெற்றோலை ஊற்றும். காற்றுப் போதாமல் அது அரைகுறையாக எரியும். கராஜ் பாஸ் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். அடுப்புக் கரிபோல் இருந்தது. அது திருத்தக் கூடிய குறைதான். விலையோ தாயாரின் பணத்தை முழுவதும் விழுங்கிவிடும். மகன் அந்த வண்டியின் இருக்கையைத் தடவிக்கொண்டு நின்றார். தாயார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். இருவரில் எவர் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் நாம் நின்றோம்.

மூன்றாவது வண்டி வட்டவளையிலேயே, ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரின் வீட்டுத் தாழ்வாரத்தில் சாக்கினால் மூடப்பட்டிருந்தது. 90 சீசீ ஹோண்டா கப். யப்பானில் 1958 இல் பிறந்த சூப்பர் கப் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகில் பத்துக்கோடிக்கு மேல் தயாரிக்கப்பட்ட குடும்பம் அது. சாதாரண மக்கள் அன்றாட உடையுடன், சேறு தெறிக்காமல் செல்லவேண்டும் என்பதற்காக, கால்களின் முன்னே அகன்ற பிளாஸ்டிக் மறைப்பொன்றை அதற்கு வைத்தார்கள். காற்றும் மழையும் சேறும் முதலில் அம்மறைப்பிலேயே மோதும்.

மாணவரின் முகம் வாடிற்று. "தபால்காரர் வண்டி என்று பிள்ளைகள் சிரிக்கும், சேர்," என்றார் மெல்ல.

தாயாரோ குனிந்து அந்த மறைப்பைத் தட்டிப் பார்த்தார். பின்பு எம்மிடம், "வாத்தியாரய்யா, முப்பது வருசமா நான் இடுப்பில படங்கு கட்டித்தான் மலைக்குப் போனேன். இந்த வண்டிக்கும் படங்கு கட்டியிருக்கு," என்றார்.

சற்று நேரம் பொறுத்து மகனிடம் சொன்னார்: "ரோட்டோர மலையில கொழுந்து எடுக்கையில ஒவ்வொரு வண்டிப் புகையும் எங்க மூஞ்சியிலதான் தம்பி அடிக்கும். நீ போற வழியிலயும் நம்ம ஆளுங்க நிப்பாங்க."

காற்றுத் தடுப்பைப் பற்றியும் புகை விதியைப் பற்றியும் நாம் காலை முழுவதும் ஆற்றிய விரிவுரையின் சாரம் அந்த இரண்டு பேச்சிலும் அடங்கிவிட்டது. மகன் பதில் சொல்லவில்லை. சாக்கை முழுவதும் விலக்கி, வண்டியை முற்றத்துக்கு உருட்டி வந்தார்.

பணம் கொடுக்கும் முன்பே, பெரியவரின் சம்மதத்துடன் வண்டியைப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டு சென்றோம். செலவை நாமே ஏற்றோம். பழைய வண்டி வாங்குவோர் எல்லோரும் இவ்வழக்கத்தைக் கைக்கொள்வது நலம். வண்டி சித்தியடைந்தது. முன்னைய இரண்டு ஆண்டுகளின் எண்களும் ஏறத்தாழ அதே நிலையில் இருந்தன. பழைய காபுரேற்றர் வண்டி எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும், 2020 ஏப்ரலில் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த புதிய புகை விதிக்கு அமைந்த வண்டியின் தூய்மை அதற்கு வராது. ஆயினும் ஒழுங்காகப் பேணப்பட்ட சிறிய நாலடிப்பு இயந்திரம், கைவிடப்பட்ட பெரிய இயந்திரத்தை விட ஊருக்கு நல்லது.

குறைகளையும் மாணவருக்கு மறைக்கவில்லை. ஏற்றத்தில் மெதுவாகவே செல்லும். பின்னால் வரும் லொறிக்கு வழி விடவேண்டும். டிரம் பிரேக் நனைந்தால் பிடிப்புக் குறையும். இறக்கம் தொடங்குமுன் இரண்டு மூன்று முறை மெல்ல அழுத்தி உலர்த்திக்கொள்ள வேண்டும். இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். கால் மறைப்பு மார்பைக் காக்காது. அதற்கு நல்ல மழையங்கியும் கையுறையும் வேண்டும். வண்டியில் மிஞ்சிய பணத்தில் அவற்றையும் தலைக்கவசத்தையும் வாங்கினோம். உரிமை மாற்றப் பத்திரங்களை அந்த வாரத்திலேயே ஒப்படைத்தோம்.

ஆடி மாதத்து ஒரு காலையில் வட்டவளைச் சந்தியில் பஸ்ஸுக்காக நின்றோம். காற்றும் மழையும் வழக்கம்போல் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. கினிகத்தேனைப் பக்கமாகச் செல்ல வந்த எம் மாணவர், எம்மைக் கண்டு வண்டியை ஓரமாக நிறுத்தினார். மழையங்கியிலிருந்து நீர் ஒழுகியது. காற்சட்டையின் மடிப்பு மட்டும் இஸ்திரி போட்டபடியே இருந்தது.

"பிள்ளைகள் சிரித்தார்களா?" என்று கேட்டோம்.

"முதல் நாள் சிரிச்சாங்க, சேர். இப்ப மணி அடிக்க முன்னமே நான் வந்துவிடுறேன் என்று கவலைப்படுறாங்க," என்றார்.

வண்டி புறப்பட்டது. சாலையோர மலையில் கூடையுடன் நின்ற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எவரும் முகத்தை மூடிக்கொள்ளவில்லை.