பதிமூன்றே ஆட்டம்

பெங்களூரு எஃப்சிக்கு இந்த சீசன் எப்படி அமையும் என்று ஓசூரில் யாரைக் கேட்டாலும் பேச்சு சுனில் சேத்ரியின் வயதில்தான் தொடங்கும். அங்கிருந்து வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் யார் யார் தங்கினார்கள் என்பதற்குத் தாவும். இரண்டும் கேட்கவேண்டிய கேள்விகளே. ஆனால் அதற்கு முன்னால் ஆட்ட அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பார்ப்பது நல்லது. 2026 பிப்ரவரி 14 அன்று தொடங்கும் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்தில் 14 அணிகள், மொத்தம் 91 ஆட்டங்கள். ஒவ்வோர் அணியும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒரே ஒரு தடவை மோதினால் கணக்கு சரியாக 91 வரும். ஆளுக்கு 13 ஆட்டம். அரையிறுதி, இறுதி என்று நீட்ட அதில் ஒன்றுகூட மிச்சமில்லை. போன சீசனில் லீக் கட்டத்தில் மட்டும் ஆளுக்கு 24 ஆட்டம், அதற்குமேல் பிளே ஆஃப். இப்படிப் பாதியாகச் சுருங்கிவிட்ட ஓட்டத்தில், தொடக்கத்தில் தடுக்கி விழுகிற அணிக்கு எழுந்து ஓட நேரம் இருக்காது. பெங்களூருவின் கதி முதல் ஐந்து ஆட்டங்களிலேயே முடிவாகிவிடும் என்பது என் கணிப்பு. பட்டம் வருமா என்றால், வராது என்றே நினைக்கிறேன். முதல் நான்கு இடங்களுக்குள் வரும்.

இந்த அணியின் சுபாவம் அப்படி. சீராக ஓடத் தெரியாது. பிடித்தால் ஒரே பிடி, விட்டால் ஒரே விடு. 2022-23 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். லீக் கட்டத்தின் கடைசி 8 ஆட்டங்களையும் தொடர்ச்சியாக வென்று, 20 ஆட்டங்களில் 34 புள்ளிகளோடு நான்காவதாக முடித்தார்கள். அந்த எட்டு வெற்றிக்கான 24 புள்ளிகளைக் கழித்துப் பார்த்தால், முதல் 12 ஆட்டங்களில் சேர்த்தது வெறும் 10. அன்று லீக் 13 ஆட்டத்தோடு நின்றிருந்தால் கடைசி வரிசையில் தேடவேண்டிய அணி, மார்ச் மாதம் கோவாவில் இறுதி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தது. 2024-25இல் கதை அப்படியே தலைகீழ். முதல் ஐந்து ஆட்டங்களில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. சொந்த மைதானமான கண்டீரவாவில் மோகன் பகானை 3-0 என்று அடித்தார்கள். அந்த வேகத்துக்கு ஓடியிருந்தால் லீக் முழுவதையும் சுருட்டியிருக்கவேண்டும். ஆனால் முடிவில் 38 புள்ளி, மூன்றாம் இடம். முதலிடத்தில் நின்ற மோகன் பகானுக்கு 56. இரண்டுக்கும் நடுவில் 2023-24 என்று ஒன்று வந்து போனது, 12 அணிகளில் பத்தாவது இடம். அதில் ஏற்றமும் இல்லை, சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, பழைய ரசிகர்கள் உடனே சொல்வார்கள்: இந்த அணி பிறந்ததே லீக் வெல்லத்தான். 2013இல் தொடங்கி முதல் சீசனிலேயே ஐ-லீக் பட்டம், 2015-16இல் மறுபடியும். இரண்டுமே இறுதி ஆட்டம் இல்லாத, புள்ளிக் கணக்கில் முடிகிற போட்டிகள். ஐஎஸ்எல்லுக்கு வந்த 2017-18இல் இரண்டாம் இடத்தைவிட 8 புள்ளி அதிகம் எடுத்து லீக்கில் முதலிடம். அடுத்த ஆண்டு லீக்கிலும் முதலிடம், கோப்பையும் கையில். ஆக, பிளே ஆஃப் இல்லாத சீசன் நமக்குத்தான் லாபம் என்பது அவர்கள் வாதம். எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாத வாதம்தான். ஆனால் அந்தக் கணக்கு 2019 மார்ச்சோடு முடிகிறது. அதற்குப் பிறகு ஒரு சீசனில்கூட லீக்கில் முதலிடம் இல்லை. 2020-21இல் ஏழாவது, அடுத்த ஆண்டு ஆறாவது. கொண்டாடிய தருணங்கள் எல்லாம் நாக் அவுட்டில் வந்தவை: 2022 துராந்த் கோப்பை, 2023 இறுதி ஆட்டம், அதே ஆண்டு சூப்பர் கோப்பை இறுதி, 2025 இறுதி. லீக் அணியாக இருந்தது கோப்பை அணியாக மாறி ஆறேழு வருஷம் ஆகிறது. பழைய பெயரை வைத்துக்கொண்டு புதிய அணியை எடை போடக்கூடாது.

2025 இறுதியைப் பற்றி ஒரு சின்னக் கொசுறு. கொல்கத்தாவில் பெங்களூரு முன்னிலையில் இருந்தபோது பெனால்டியில் சமன் செய்தவர் மோகன் பகானின் ஜேசன் கம்மிங்ஸ். கூடுதல் நேரத்தில் வெற்றி கோலைப் போட்டவர் ஜேமி மெக்லாரன். இரண்டு பேரும் ஆஸ்திரேலியாவுக்கு ஆடியவர்கள். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஹிபர்னியன் கிளப்புக்கு ஆடியவர்கள். நம்மைக் கவிழ்த்தது கொல்கத்தா என்கிறோம். ஹிபர்னியன் ரசிகர்கள் அதில் பங்கு கேட்கலாம்.

ஸ்காட்லாந்து என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார், என் வாதத்துக்கு அவர் அவசியமும்கூட. பெய்ஸ்லியில் பிறந்த ஓவன் காய்ல் 2019 டிசம்பரில் சென்னையின் எஃப்சிக்குப் பயிற்சியாளராக வந்தபோது அணி பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தது. அந்த சீசன் முடிவதற்குள் அவர்களை இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனார். இந்தியக் கால்பந்தில் இப்படிப்பட்ட கடைசி நேர எழுச்சிகளைப் பார்த்துப் பார்த்து, எந்த அணியையும் ஜனவரியில் கைகழுவக்கூடாது என்று நாம் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்துக்கு இந்த முறை இடமில்லை. நீண்ட லீக் பலமுள்ளவர்களுக்குச் சாதகம். ஸ்காட்லாந்திலேயே 38 ஆட்டம் ஆடுகிற லீக்கில் 1985இல் ஏபர்டீன் வென்றதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் செல்டிக்கும் ரேஞ்சர்சும் தவிர வேறு யாரும் பட்டம் வாங்கவில்லை. பிளே ஆஃப், தாமதமாக விழிப்பவர்களுக்குச் சாதகம். 13 ஆட்ட லீக் இந்த இரண்டு வகையிலும் சேராது. முதல் வாரமே தயாராக வந்து நிற்பவர்களுக்கானது அது. அப்படியானால் எல்லாமே சூதாட்டம்தானே, கணிப்பு எதற்கு என்று கேட்கலாம். அதிர்ஷ்டத்துக்குப் பங்கு கூடும் என்பது உண்மை. ஆனால் தயாரிப்பு அதிர்ஷ்டம் அல்ல. யார் எவ்வளவு தயாராக இருக்கிறார்கள் என்பதை ஓரளவு முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

பார்த்தால், அங்கேதான் கவலை. இந்த சீசன் சுருங்கியதற்குக் காரணம் களத்துக்கு வெளியே நடந்தவை. லீக்கை நடத்துவதற்கு 2010இல் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் போட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8 அன்று முடிந்தது. அது புதுப்பிக்கப்படுமா என்று தெரியாததால் ஜூலையிலேயே லீக்கை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி முதல் அணி வீரர்களுக்கும் பணியாளர்களுக்கும் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. சென்னையின் எஃப்சியும் தன் இயக்கத்தை நிறுத்தியது. வணிக உரிமைக்கு விட்ட டெண்டருக்கு நவம்பர் கெடுவுக்குள் ஒருவர்கூட வரவில்லை. 2026 ஜனவரி 6 அன்று மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் அறிவித்த பிறகுதான் லீக் உண்டு என்பதே உறுதியானது. இடையில் நடந்த சூப்பர் கோப்பையில் பெங்களூரு குழுச் சுற்றைத் தாண்டவில்லை. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் யாருக்கும் இதன் அர்த்தத்தை விளக்க வேண்டாம். நீண்ட லே ஆஃபுக்குப் பிறகு லைனை ஓட்ட ஆரம்பித்தால் முதல் சில நாள் ரிஜெக்‌ஷன் குவியும். ஆளும் அதே ஆள், மெஷினும் அதே மெஷின், ஆனால் கை பழைய லயத்துக்கு வர நாளாகும். கால்பந்தில் அந்த நாட்களுக்கு விலை புள்ளி. எல்லா அணிகளுக்கும் இதே நிலைதானே என்றால், சரிதான். ஆனால் பணபலமும் நீளமான பெஞ்சும் உள்ள மோகன் பகானால் முதல் பதினொருவர் துருப்பிடித்திருந்தால் அடுத்தவரை இறக்க முடியும். அந்த வசதி பெங்களூருவுக்கு அவ்வளவாக இல்லை. பட்டம் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

பிறகு எதை நம்பி முதல் நான்கு என்கிறேன்? இங்கே சேத்ரிக்கு வரலாம். 1984 ஆகஸ்டில் பிறந்தவர், சீசன் தொடங்கும்போது 41 வயது. போன சீசனில் அவர் போட்டது 14 கோல். இந்திய ஆட்டக்காரர்களில் அதுதான் அதிகம். அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில், கோவாவில், கடைசி நிமிடங்களில் தலையால் முட்டி அணியை இறுதிக்குக் கொண்டுபோனதும் அவரே. ஒரு கிளப் 41 வயதுக்காரரை நம்பி நிற்பது அதன் வறுமையைத்தான் காட்டுகிறது என்று விமர்சிப்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் 24 ஆட்டம் ஓடவேண்டிய சீசனில் அவர் ஒரு பிரச்சினை. 13 ஆட்டச் சீசனில் அவர் ஒரு சொத்து. வாரத்துக்கு ஓர் ஆட்டம், அதிலும் கடைசி அரைமணி நேரம் என்று அளந்து பயன்படுத்தினால் இந்த லீக்கில் அவரை நிறுத்தத் தெரிந்த தடுப்பாளர்கள் குறைவு. 2023இல் கேரளாவுக்கு எதிரான பிளே ஆஃபில் நடந்தது அதுதானே. பெஞ்சிலிருந்து இறங்கி, எதிரணி சுவர் கட்டுவதற்குள் ஃப்ரீ கிக்கை வலைக்குள் தட்டிவிட்டார். கேரள அணி களத்தைவிட்டே வெளியேறியது. இன்னொரு நம்பிக்கை ரயன் வில்லியம்ஸ். பெர்த்தில் பிறந்தவர், 2025இல் இந்தியக் குடியுரிமை பெற்றுவிட்டார். களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் என்கிற வரம்புக்குள் அவர் இனி வரமாட்டார். தரத்தில் ஐந்தாவது வெளிநாட்டவரை வைத்துக்கொண்டு ஆடுவது போன்றது இது. குறுகிய லீக்கில் இந்த ஒரு இடமே நாலைந்து புள்ளி பெறும்.

சிவசக்தி நாராயணன் பெயரைச் சொல்லாமல் தமிழ் ரசிகர் யாரும் இந்தப் பேச்சை முடிக்கமாட்டார். சிவகங்கை மாவட்டம் கண்டனூர்க்காரர். 2022 துராந்த் இறுதியில் மும்பைக்கு எதிரான முதல் கோல் அவருடையது. 2023 ஐஎஸ்எல் இறுதியில் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் அடிபட்டு அவர் வெளியேற, அந்த இடத்துக்கு வந்தவர் சேத்ரி. இளையவர் இடத்துக்கு மூத்தவர் மாற்று ஆளாக வருகிற இந்தக் காட்சியே அந்தக் கிளப்பின் சிக்கலை முழுசாகச் சொல்லிவிடுகிறது. அடுத்த தலைமுறை வந்தது. நிலைத்து நிற்பதற்குள் காயமோ ஃபார்மோ அதைத் தள்ளிவிட்டது. பதிமூன்று ஆட்டத்தில் புதியவர்களைச் சோதித்துப் பார்க்கப் பயிற்சியாளருக்குத் துணிச்சல் வருமா என்பது சந்தேகம். என்னைக் கேட்டால், பட்டம் எட்டாது என்று தெரிந்த ஆண்டில்தான் அந்தத் துணிச்சல் வரவேண்டும்.

இனி, ஊர்க்காரர்கள் கேட்கிற கேள்வி: தமிழ்நாட்டில் இருந்துகொண்டு பெங்களூருவுக்கு என்ன வக்காலத்து, சென்னையின் எஃப்சி இல்லையா? 2018 மார்ச் 17 அன்று கண்டீரவாவில் நடந்த இறுதியில் இந்தக் கேள்வி ஓசூரை இரண்டாகப் பிளந்திருக்கும். சேத்ரி ஒன்பதாவது நிமிடமே கோல் போட, மெய்ல்சன் ஆல்வ்ஸ் இரண்டு கார்னர்களைத் தலையால் திருப்பிவிட, 3-2 என்று கோப்பை சென்னைக்குப் போனது. மாநிலக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு அன்று கொண்டாட்டம்தான், அதில் தவறும் இல்லை. ஆனால் ரசிகன் என்பவன் மைதானத்துக்குப் போய்ச் சேரக்கூடியவனாகவும் இருக்கவேண்டும். சென்னை நேரு ஸ்டேடியம் இங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். கண்டீரவா ஏறத்தாழ 40. ஏ ஷிஃப்ட் முடித்தவர் சந்தாபுரா நெரிசலைத் தாண்டி பொம்மசந்திராவில் மஞ்சள் வழித்தட மெட்ரோவைப் பிடித்தால், ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கும் மெஜஸ்டிக்கில் ஊதாவுக்கும் மாறி, கப்பன் பார்க்கில் இறங்கி நடந்து, மாலை ஆட்டத்துக்குப் போய் உட்கார்ந்துவிடலாம். 2025 ஆகஸ்டுக்கு முன்பு இதே ஆள் சில்க் போர்டில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து முதல் பாதியைப் போனில் பார்த்துக்கொண்டிருப்பார். பி ஷிஃப்ட்காரருக்கு இன்றைக்கும் போன்தான் கதி.

எல்லைக்கு அந்தப் பக்கத்து அணி என்பதில் ஒரு நெருடல் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. 2016 செப்டம்பரில் காவிரிக்காகப் பெங்களூருவில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் எரிந்தன. பஸ்கள் எல்லையோடு நின்றன. அடுத்த மாதமே, அக்டோபர் 19 அன்று, அதே நகரத்தில் இந்த அணி மலேசியாவின் ஜோகூர் அணியை 3-1 என்று வென்று ஏஎஃப்சி கோப்பை இறுதிக்குள் நுழைந்தது. அந்த இறுதிக்கு முதன்முதலாகப் போன இந்திய அணி அதுதான். அந்த வெற்றியில் ஓசூருக்குப் பங்கில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் புழங்குகிற ஊர் இது. போதாக்குறைக்கு சிப்காட்டில் அஸ்ஸாம், வங்காளப் பையன்கள் வேறு தங்கள் தங்கள் அணியோடு வந்திருக்கிறார்கள். இந்த ஊர்க்காரர்களிடம் மாநில எல்லையை வைத்து அணியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது கொஞ்சம் செயற்கை.

ஆக, 13 ஆட்டத்தில் கண்டீரவாவுக்கு வரப்போவது ஆறு, மிஞ்சினால் ஏழு. முதல் ஐந்து ஆட்டங்களில் பத்துப் புள்ளி வந்துவிட்டால் என் கணிப்பைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பட்டத்தைப் பற்றிப் பேசத் தயார். ஏழோ எட்டோ என்றால் நான்காம் இடத்துக்கான சண்டை. ஐந்துக்குக் கீழே போனால், சேத்ரியை உட்கார வைத்துவிட்டு மிச்ச எட்டு ஆட்டங்களையும் சிவசக்தி வயதுக்காரர்களிடம் கொடுத்துவிடலாம்.