உருளும் வீடு வாங்கப் போகிறீர்களா?

தோட்டத்தில் உழைத்து ஓய்ந்தவர்களுக்கு ஊர் பார்க்கும் ஆசை வரக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதி வைக்கவில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பொழுதெல்லாம் ஒரே நிரையில் மரத்தையும் குலையையும் பார்த்துப் பழகிய கண்கள், அறுபது வயதுக்குப் பிறகாவது கடலையும் மலையையும் பார்க்கட்டுமே! பேருந்தில் போனால் முழங்காலை மடக்கி உட்கார வேண்டும். ஓட்டலில் தங்கினாலோ இரண்டே நாளில் கைப்பணம் கரைந்துவிடும். ஆகவே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே அமைந்த ஒரு வேன் இருந்தால் போதுமே என்று நம்மவரில் சிலர் நினைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதைக் கேம்பர்வேன் என்கிறார்கள். சற்றுப் பெரிதாக, லோரியின் அடிச்சட்டத்தின் மேல் அறை கட்டியிருந்தால் மோட்டார்ஹோம் என்கிறார்கள். வெள்ளைக்காரர் நாடுகளில் ஓய்வு பெற்றவர்கள் இதில் ஏறி மாதக்கணக்கில் சுற்றுகிறார்கள். நம் நாட்டுக் கடற்கரைகளிலும் விடுமுறை நாள்களில் இவை நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆசை நல்லதுதான். ஆனால் பட்டணத்துக்காரருக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. அவர் ஓய்வு பெற்றால் அவருடைய வீடு அப்படியே இருக்கும். நமக்கோ வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டுச் சாவியையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கையில் ஊழியர் சேமநிதிப் பணம் இருக்கிறது, தலைக்கு மேல் கூரை இல்லை. அந்த நேரம் பார்த்து, வண்டியும் வீடும் ஒன்றாகவே கிடைக்கிறதே என்று ஓர் எண்ணம் வந்தால் அது எவ்வளவு இனிப்பாக இருக்கும்!

என் மாமாவுக்கு அந்த எண்ணம் வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்தில் குலை லோரி ஓட்டியவர். அத்தை முதலில் பால் வெட்டினார், பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு உதிரிப் பழம் பொறுக்கினார். மாமா பார்த்து வைத்திருந்தது ஆறு சக்கர மோட்டார்ஹோம், பழையது. விலையோ இருவருடைய சேமநிதியையும் ஏறக்குறைய துடைத்துவிடும். "வீட்டுக்கு ஒரு கடன், வண்டிக்கு ஒரு கடன்னு எதுக்குடா? இதுலேயே இருந்துக்கிறோம்" என்றார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள், முதலில் ஒரு வேனை வாடகைக்கு எடுத்துப் படுத்துப் பார்ப்போம் என்று நான் சொன்னேன். பள்ளி விடுமுறையில் மூவரும் கிளம்பினோம். அவர்கள் வேனில், நான் பக்கத்தில் கூடாரத்தில்.

எந்தப் பாதையில் போவது என்று யோசித்து, கெரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையை நானே தேர்ந்தெடுத்தேன். சமதரையில் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். மலையேறினால்தான் அதன் குணம் தெரியும். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார், பிறகு லெங்கோங் பள்ளத்தாக்கு. ஆதி மனிதர் வாழ்ந்த குகைகள் இருப்பதால் 2012-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம் அது. கெரிக் வந்ததும் எண்ணெயை முழுக்க நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய 120 கிலோமீட்டருக்குக் காடும் மலையும்தான் உங்களுக்குத் துணை.

இந்தச் சாலை 1982-ல் திறக்கப்பட்டது. கம்யூனிஸ்டுப் போராளிகளின் தாக்குதலுக்கு நடுவே வெட்டிய சாலை என்பதால், தொடக்க ஆண்டுகளில் இரவுப் போக்குவரத்துக்கு அனுமதி இல்லை. இன்று தடை இல்லாவிட்டாலும், வயதானவர்கள் பகலிலேயே கடந்துவிடுவது நல்லது. 2025 மே மாதம், அன்னையர் தினத்தன்று விடியுமுன், இந்தச் சாலையில் ஒரு யானைக் குட்டி லோரியில் மோதி மாண்டது. லோரிக்கு அடியில் கிடந்த குட்டியை விட்டு நகராமல் தாய் யானை நின்றதைப் படத்தில் பார்த்து நம் பெண்கள் எத்தனை பேர் கண் கலங்கினார்கள்! அடுத்த மாதமே, ஜூன் 9-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், பல்கலைக்கழக மாணவர்கள் சென்ற பேருந்து பண்டிங் அருகே கவிழ்ந்து 15 பேர் உயிரிழந்தார்கள். ஏறும்போது என்ஜினைப் பாருங்கள், இறங்கும்போது பிரேக்கைப் பாருங்கள். மாமா இறக்கத்தில் சிறிய கியரிலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் போய்விடும் என்று குலை லோரி ஓட்டிய எவரும் சொல்வார்.

முதல் இரவு பண்டிங்கில், தெமெங்கோர் ஏரிக்கரையில், அங்கிருந்தவர்களிடம் கேட்டு அனுமதி பெற்றுத் தங்கினோம். 1970-களில் அணை கட்டியதால் உண்டான ஏரி அது. விடியற்காலையில் பனிமூட்டம் தண்ணீரின் மேல் படுத்திருந்தது. தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுப்பாக எழும்பின. அத்தை கையில் கோப்பியை வைத்துக்கொண்டு குடிக்க மறந்து நின்றார். வண்டி வாங்க நினைப்பவர்கள் அந்தக் காலையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். முந்திய இரவில் பட்ட பாட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்தப் பாடு என்னவென்று சொல்கிறேன். கட்டில் வண்டியின் குறுக்கே போட்டிருந்தது. மாமா ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. கால் நீட்ட முடியவில்லை. அத்தை உள்பக்கம் படுத்தார். இனிப்பு நீர் உள்ளவர், இரவில் மூன்று முறை எழ வேண்டும். ஒவ்வொரு முறையும் மாமாவைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். இறங்கும் படியோ எங்கள் லயத்து வாசல்படியைப் போல் இரண்டு மடங்கு உயரம். கடையில் வண்டி பார்க்கும்போது நாம் அடுப்பைத் திறந்து பார்க்கிறோம், விளக்கைப் போட்டுப் பார்க்கிறோம். செருப்பைக் கழற்றிவிட்டு இருவரும் கட்டிலில் படுத்து, உள்பக்கம் இருப்பவர் இருட்டில் இறங்குவதுபோல் இறங்கிப் பார்ப்பது கிடையாது. வெட்கப்படாமல் செய்து பாருங்கள். விற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும். கட்டில் நீளவாக்கில் இரண்டாகப் பிரிந்து, நடுவே வழி இருப்பதே நம் வயதானவர்களுக்குச் சுகம்.

அடுத்தது கழிப்பறை. சிறிய வேனில் அது இருக்காது. பெட்டி போன்ற ஒன்றை வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை யார் சுத்தம் செய்வது என்பதை வாங்குமுன் முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் வழி, நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும் எண்ணெய் நிலையங்களிலும் நேரம் பார்த்து நிறுத்துவதுதான். அத்தைக்கு மனத்தில் ஓர் அட்டவணையே உருவாகிவிட்டது.

கணக்கு வாத்தியார் என்பதால் மின்சாரத்துக்கும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வீட்டுக் குளிர்சாதனத்தைப் பேட்டரியில் ஓட்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு. 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி பேட்டரியில் இருப்பது 1,200 வாட் மணி. பழைய வகை ஈயப் பேட்டரியாக இருந்தால் பாதிக்கு மேல் எடுத்தால் சீக்கிரம் கெட்டுப் போகும். மிச்சம் 600. குளிர்சாதனம் 700 வாட் இழுத்தால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. 20 வாட் காற்றாடியோ 8 மணி நேரத்துக்கு 160 வாட் மணிதான் எடுக்கும். ஆகவே காற்றாடி, ஜன்னலுக்குக் கொசுவலை, கூரையில் காற்றுப் போக்கி, இவற்றுக்கே பணம் கொடுங்கள். குளிருக்கு ஆசைப்பட்டு என்ஜினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

தண்ணீருக்கும் அப்படியே. 100 லிட்டர் என்றால் 100 கிலோ, இரண்டு மூட்டை சிமிந்தி. மாமாவுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. ஏற்றத்தில் தொட்டி நிறைந்திருந்தபோது வண்டி முனகியதையும் தொட்டி காலியான பிறகு துள்ளியதையும் அவரே சொன்னார்.

தித்திவங்சா உச்சியில் குளிர்ந்த காற்று வாங்கிக்கொண்டு இறங்கி, ஜெலி, மாச்சாங், பாசிர் பூத்தே வழியாகத் திரங்கானு எல்லையைத் தாண்டிப் பெசுட் வட்டாரத்துப் புக்கிட் கெலுவாங் கடற்கரைக்குப் போனோம். குன்று கடலுக்குள் கால் நீட்டிக்கொண்டிருக்கும் இடம். வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்ததால் கூட்டம் சொல்லி முடியாது. கிளந்தான், திரங்கானுவில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள். நவம்பர் தொடங்கி ஜனவரி வரை மழைக்காலம். அப்போது கிழக்குக் கரைப் பக்கம் தலைவைக்க வேண்டாம்.

அங்கே மாமா ஆசைப்பட்டதைப் போலவே ஒரு ஆறு சக்கர மோட்டார்ஹோம் நின்றது. அதன் சொந்தக்காரர் நல்ல மனிதர், உள்ளே அழைத்துக் காட்டினார். நின்றபடி சமைக்கலாம், தனிக் குளியலறை, எல்லாம் அழகுதான். பிறகு செலவுகளையும் ஒளிக்காமல் சொன்னார். வடக்குத் தெற்கு நெடுஞ்சாலையில் நான்கு சக்கர வேனுக்கு முதல் வகுப்புக் கட்டணம், ஆறு சக்கரத்துக்கு இரண்டாம் வகுப்பு. டயரும் ஆறு மாற்ற வேண்டும். அந்த வண்டி டீசலில் ஓடுவது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியபோது, தம் பயணங்களைப் பாதியாகக் குறைத்துக்கொண்டதாகச் சொன்னார். உயரம் காரணமாகப் பல வண்டி நிறுத்துமிடங்களில் நுழையவே முடியாதாம்.

அன்றிரவு சாப்பிட்டு முடிந்ததும் அத்தை வாய் திறந்தார். "கதவத் தொறந்தா கடலு. நல்லாத்தான் இருக்கு. ஆனா கிளினிக்குல மருந்து எடுக்க எந்த விலாசத்தக் குடுப்பேன்? தீபாவளிக்குப் புள்ளைங்க எந்த வாசலுக்கு வரும்?" மாமா மறுமொழி சொல்லவில்லை. வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வாத்தியாரே, நாலு சக்கரத்துல பாப்போம்" என்றார்.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் பழைய தாமான் வீடு ஒன்றுக்கு முன்பணம் கட்டினார்கள். 55 வயதில் எடுக்கலாம் என்பதற்காகச் சேமநிதி முழுவதையும் எடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. உள்ளே இருக்கும் பணத்துக்கு ஆண்டுதோறும் இலாப ஈவு சேர்கிறது. வண்டியோ வாங்கிய மறுநாளே விலை இறங்கும். மாமா ஒரு பங்கை உள்ளேயே விட்டு வைத்தார். அதில் எஞ்சியதே வேனுக்கு.

இப்போது மாமா பழைய வேன்களைப் பார்த்து வருகிறார். கூடப் போன அனுபவத்தில் சிலவற்றைச் சொல்கிறேன். உயரக் கூரை போட்ட தொயோத்தா ஹையேஸ் வெளியே 2.28 மீட்டருக்குச் சற்று மேல் உயரம். உள்ளேயும் உயரம் அதிகம். சாதாரணக் கூரை ஹையேஸ் இரண்டு மீட்டருக்குள் அடங்கும். கடைத்தெருவில் எங்கும் நுழையும், உள்ளே குனிந்துதான் இருக்க வேண்டும். இரண்டையுமே சாதாரணக் கார் லைசென்சில் ஓட்டலாம். அந்த டி வகுப்பு லைசென்சு, வெறும் வண்டி எடை 3,500 கிலோவைத் தாண்டாத வண்டிகளுக்குச் செல்லும். ஆள் ஏற்றும் வேனா, சரக்கு வேனா என்பதைக் கிரானில் பாருங்கள். சரக்கு வேனின் பின்னால் ஆளை உட்கார வைக்கப் போனால் வழியில் தொல்லை வரும். இருக்கையைக் கழற்றிக் கட்டில் வைப்பதற்கும் ஜே.பி.ஜே. அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் மாட்டினால் காப்புறுதிப் பணம் கைக்கு வராமல் போகலாம். "அனுமதி எல்லாம் பிறகு எடுத்துக்கலாம்" என்று பேசிய ஒருவரிடம் மாமா தேநீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

மூன்றாவதாகப் பார்த்த வேன் அவருக்குப் பிடித்திருக்கிறது. கீழே படுத்து அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். கடற்கரை வண்டியாதலால் துரு இருக்குமோ என்று சந்தேகம். என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் கிரானோடு ஒப்பிட்டார். தணிக்கை நிலையத்தில் காட்டி முடிவு செய்வார். விலையில் இன்னும் பேச்சு நடக்கிறது. அத்தை கேட்டிருப்பது ஒன்றே ஒன்று, இழுத்துப் போடும்படியான ஒரு மரப்படி. தோட்டத்துத் தச்சர் அளவெடுத்துப் போயிருக்கிறார். மழைக்காலம் கழிந்து மார்ச்சு மாதம் கென்யிர் ஏரிக்குப் போவதாகத் திட்டம். கூடாரத்தை என்னிடமே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.