நெழல்ல நிக்கிற மானை விட்டுருங்க

2022-ல கோயமுத்தூர் வ.உ.சி. பூங்கா மிருகக்காட்சி சாலையோட அங்கீகாரத்தை மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் ரத்து பண்ணிருச்சு. அதுக்கப்புறம் மிருகங்களைப் படம் எடுக்கறதுக்கு இங்கிருந்து சேலம் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா வரைக்கும் போறோமுங்க.

ஏற்காடு அடிவாரம்தான். ஆனா உச்சி வெயிலு உச்சி வெயிலுதான்.

புள்ளிமான் மரத்தடியில நிக்குது.
இலை இடுக்குல விழுகற வெளிச்சமும் அதோட புள்ளியும் ஒண்ணாக் கலந்துருது.
படத்துல முதுகு வெளுத்துப் போகுது, கண்ணு இருட்டாயிருது.

முழுசா நெழலுக்குள்ள வர்ற வரைக்கும் காத்திருந்து, மூஞ்சியில வெளிச்சத்தை அளந்து எடுக்கோணும். வெள்ளைப் பறவைக்குப் பின்னால இருட்டா இருந்தா எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைச்சாத்தான் இறகோட வரி தெரியும். கூண்டுக் கம்பியில வெயில் பட்டா படம் பூரா மங்கிரும், நெழல் விழுந்த பக்கமா நின்னுக்கோணும்.

இதெல்லாம் பழகிக்கலாமுங்க.

மனசு தாங்காதது ஒண்ணு இருக்குது. படத்துக்காகக் கை தட்டி, விசில் அடிச்சு, நெழல்ல படுத்திருக்கறதை வெயிலுக்கு எழுப்பி விடறாங்க. நமக்குத் தொப்பி இருக்குது, தண்ணி பாட்டில் இருக்குது. அதுக்கு இருக்கறதே அந்த ஒரு மரம்!

காலையில தொறந்த உடனே போனா மானும் தானா நடமாடுது, வெளிச்சமும் இதமா சாஞ்சு விழுகுது.

குழந்தைகளைக் கூட்டிட்டு நீங்கெல்லாம் எத்தனை மணிக்குப் போறீங்க?