சுழலும் சக்கரமும் நம்ம சூத்திரமும்

விண்வெளிப் படம் என்றாலே டமால் டுமீல் சத்தமும், கார் போல வளைந்து திரும்பும் கப்பல்களும்தான் நம் ஞாபகத்துக்கு வரும். ஆனால் 1968-ல் ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ அந்த ரகம் அல்ல. அதில் கப்பல் போகும்போது இன்ஜின் இரைச்சலே கிடையாது. காற்றில்லாத இடத்தில் ஒலி எப்படிப் பரவும்? விண்வெளி உடைக்குள் மனிதன் விடும் மூச்சுதான் கேட்கும்.

என்னை அசத்தியது ‘டிஸ்கவரி’ கப்பலின் சுழலும் சக்கரம்தான். அதன் உட்புறத்தில் ஒருவர் ஓடிக்கொண்டே சுற்றி வருகிறார். செல்போனில் அதைப் பார்த்த அம்மா, “தலைகீழா ஓடுறவன் ஏன்டா விழல?” என்று கேட்டார். “தூக்குவாளித் தண்ணிய வேகமாச் சுத்தினா சிந்துதாம்மா?” என்றேன். புரிந்துகொண்டார். எங்க வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். படித்ததை வீட்டில் ஒருவருக்குப் புரியவைத்த அந்த நிமிஷம், மார்க் ஷீட்டை விடப் பெரிசாகத் தெரிந்தது.

ஆனால் வாளி உதாரணம் மட்டும் போதுமா? கணக்குப் போட்டேன். படப்பிடிப்புக்காக விக்கர்ஸ் ஆம்ஸ்ட்ராங் விமானக் கம்பெனி செய்து கொடுத்த சக்கரத்தின் விட்டம் 38 அடி. அதாவது ஆரம் சுமார் 5.8 மீட்டர். கப்பலிலும் அதே அளவு என்று வைத்துக்கொள்வோம். கோணத் திசைவேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கினால் மையநோக்கு முடுக்கம். பூமியில் உள்ள எடை வேண்டுமானால் நிமிஷத்துக்கு 12 சுற்றுக்கு மேல் சுழல வேண்டும், தலை கிறுகிறுத்துவிடும்! நிலவில் உள்ள எடை போதுமென்றால் 5 சுற்றே போதும். அப்போதும் 1.7 மீட்டர் உயரமுள்ளவர் எழுந்து நின்றால், பாதத்தில் இருக்கும் முடுக்கத்தில் 70 சதவீதம்தான் தலையில் இருக்கும். எல்லாம் முதலாண்டில் நாம் படித்த சூத்திரம்தான்.

குறையும் உண்டு. நிலவுக்குப் போகும் வழியில் ஒருவர் ஸ்ட்ராவில் உணவை உறிஞ்சுகிறார். வாயை எடுத்ததும் அது கீழே இறங்குகிறது. எடையில்லாத இடத்தில் ஏது கீழே?

இன்னொன்றுதான் எனக்கு உறுத்தல். அணு உலையில் ஓடும் கப்பல் அது. உலையை ஆட்களிடமிருந்து தள்ளி வைக்க நீண்ட முதுகெலும்பு கொடுத்தவர்கள், வெப்பத்தை வெளியேற்றும் ரேடியேட்டர் தகடுகளை நீக்கிவிட்டார்கள். பார்ப்பவர்கள் இறக்கை என்று நினைத்துவிடுவார்களாம்! வெற்றிடத்தில் வெப்பம் கதிர்வீச்சாகத்தான் வெளியேற முடியும். தகடு இல்லாவிட்டால் உலையின் வெப்பம் எங்கே போகும்?

படத்தில் அழகுக்காக ஒரு பாகத்தை எடுத்துவிடலாம்; யாருக்கும் ஆபத்தில்லை. நாளை பட்டறையிலோ சைட்டிலோ, “இது எதுக்குப்பா, பார்க்க நல்லா இல்ல, எடுத்துடு” என்று நம்மிடமும் ஒருவர் சொல்லக்கூடும். அது எதற்கு என்று எடுத்துச் சொல்ல அன்றைக்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நண்பர்களே, சூத்திரங்களைப் பரீட்சை ஹாலிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்!