ஹமமற்சு நகரில் யாம் கற்ற பாடம்

டோக்கியோவிலிருந்து கொடாமா விரைவு வண்டியில் ஏறி, வலப்புறத்தே பூஜி மலையைக் கண்டு களித்தவாறு, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ஹமமற்சு நகரை அடைந்தோம். மலையும் தேயிலைத் தோட்டமும் காணவே வந்தோம் என நேயர்கள் எண்ணக்கூடும். எம் மகளுக்கேற்ற பியானோ எதுவெனத் தெளிதலே எமது நோக்கம். அவளும் உடன் வந்திருந்தாள்.

காரணத்தைக் கூற நாணுகின்றோம். வீட்டிலே மின்னியல் இசைப்பலகையில் பயின்றவள், பரீட்சை மண்டபத்துப் பியானோவில் வாசித்தபோது சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பின, புள்ளிகள் குறைந்தன. பயிற்சி போதாதென்று கடிந்துகொண்டோம். "அங்கே மிதி வேறு மாதிரி, அப்பா" என்றாள். சாக்கெனத் தள்ளினோம்.

இந்நகரின் இசைத்தொழில் பிறந்த வரலாறு சுவையானது. 1887இல் பாடசாலையொன்றின் பழுதுற்ற ஓகனைச் செப்பனிட்ட தொராகுசு யமஹா, தாமும் ஒன்றைச் செய்து, காவடியாகச் சுமந்து ஹக்கோனே மலை கடந்து டோக்கியோ சென்றார். சுருதி பிழையென்றனர் அறிஞர். அவரோ அங்கேயே இசை நுணுக்கம் கற்றுத் திரும்பி, மறுபடியும் செய்து வெற்றி கண்டார். கவாய் நிறுவனமும் 1927இல் இவ்வூரிலேயே தோன்றிற்று. 1995இல் திறக்கப்பட்ட இசைக்கருவி அரும்பொருட்சாலையில் பழைய பியானோக்கள் பலவற்றைக் கண்டோம்.

பின்னர் ஒரு கடையில், மூடி திறந்த பெரிய பியானோவின் வலது மிதியை எம் காலாலேயே அழுத்திப் பார்த்தோம். தந்திகளை அமர்த்தி வைத்திருந்த கம்பளிக் கட்டைகள் மெல்ல எழுந்தன. பாதி அழுத்தினால் ஓசை பாதி அடங்கும். முழுதும் அழுத்தினால் ஒரு சுரத்துக்குப் பல தந்திகள் உடன் அதிரும். எமது வீட்டு மிதியோ மின்விளக்கின் ஆளியை ஒத்தது. எரியும் அல்லது அணையும், இடைநிலை இல்லை. பிள்ளை சொன்னது மெய்யென அப்பொழுதே உணர்ந்தோம்.

டிஜிற்றல் பியானோ வாங்க விழைவோர் கருவியில் எத்தனை வாத்திய ஓசைகள் உள்ளன என்று எண்ணற்க. 88 கட்டைகளும் இருத்தல் வேண்டும். இடப்புறக் கட்டைகள் கனத்தும் வலப்புறத்தன இலேசாகவும் இருக்கின்றனவா, மிக மெல்லத் தொட்டால் மெல்லிய ஓசை எழுகின்றதா என விரலால் சோதிக்க. அரைமிதியை மிதி உணர்ந்தாற் போதாது. கருவியும் உணர்தல் வேண்டும். மிதி தரையில் வழுக்கலாகாது.

யப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ற்று, நம் நாட்டில் 230. ஆதலின் அங்கு வாங்காது, கொழும்பிலே தேடி வாங்கினோம். யாழ்ப்பாணத்து வெக்கையிலும் கடற்காற்றிலும் தந்திப் பியானோவின் சுருதி அடிக்கடி கலையும். இதற்கு அத்தொல்லை இல்லை.

திரும்பும் வண்டியில் மகளிடம், "பிழை எம்முடையது, பிள்ளை" என்றோம். அவள் சாளரத்தினூடே பூஜியைத் தேடிக்கொண்டிருந்தாள். முகில் மூடியிருந்தது, ஆயினும் முறுவலித்தாள்.