சுரண்டல்

எங்கள் வீட்டு முற்றத்திலே இப்பொழுது ஒரு மோட்டார் வண்டி நிற்கின்றது. முகம் பார்க்கத்தக்க கறுப்பு மினுக்கம். வீதியாற் செல்வோர் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டே போகின்றனர். அந்த அழகைக் குறித்துப் பெருமை கொள்ளும் உரிமை எனக்கில்லை என்பதைக் கூறவே இதனை எழுதுகிறேன்.

அது 1953ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ-40 சொமசெற். என் பெரியப்பா அதனை வாடகைக்கு ஓட்டிக் குடும்பத்தைக் காத்தவர். யாழ்ப்பாணத்தவர்க்கு இவ்வகை வண்டிகள்மீது ஒரு தனிப் பாசம் உண்டு. 1990களிலே பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் அரிதாகிவிட்டபோது, மண்ணெண்ணெயைக் குடித்துப் புகை கக்கியபடி நோயாளரை ஆஸ்பத்திரிக்குச் சுமந்தவை இவையே. பெரியப்பா மறைந்தபின் கொட்டிலிலே உறங்கிய அவ்வண்டியைத் தங்கையின் திருமணத்துக்குமுன் புதுப்பித்துவிட ஆசைப்பட்டேன். பக்கத்தூர்க் கராஜ் ஒன்றில் ஒப்படைத்தேன். கூலியைப் பேரம் பேசிக் குறைத்தேன், நாளையும் குறைத்தேன். மத்தியதர வர்க்கத்தின் சாமர்த்தியங்களில் அதுவும் ஒன்று.

ஒரு சனிக்கிழமை அங்கு சென்றபோது, வண்டியின் கதவைத் தேய்த்துக்கொண்டு நின்றவன் என்னிடம் தமிழ் படித்தவன். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குமுன்பே, தகப்பன் இறந்துபோனமையாற் பள்ளியை விட்டவன். இயந்திரத்திற் பொருத்திய அரத்தாள் சுழன்று சுழன்று பழைய வர்ணத்தைத் தூசியாக்கி எழுப்பிற்று. மேலே வெள்ளை, அதன்கீழ்ச் சாம்பல், அதன்கீழ் மஞ்சள், கடைசியில் இரும்போடு ஒட்டிய செம்மை.

"சேர், புத்தகத்தின்ரை பக்கங்கள் மாதிரிக் கிடக்கு" என்று சிரித்தான்.

உவமை சொன்ன மாணவனைக் கண்டு தமிழாசிரியனின் உள்ளம் பூரித்தது. அவன் இமைகளிலும் உதடுகளிலும் படிந்திருந்த செந்தூளை அந்த உள்ளம் பொருட்படுத்தவில்லை. தேநீர் வந்தது. கையைச் சாரத்திலே துடைத்துவிட்டுப் பணிசைப் பிய்த்துத் தின்றான். சோற்றுப் பார்சல் கொண்டுவந்த தாயின் கையை உதறிக்கொண்டு, நான்கு வயதுத் தங்கை ஓடிவந்து அவன் சட்டையிலே முகம் புதைத்தாள். நல்ல காட்சி என்று எண்ணியபடி வீடு திரும்பினேன்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையிலே, இரசாயனம் கற்பிக்கும் நண்பரிடம் அவ்வுவமையைச் சொன்னேன். அவர் அதனை இரசிக்கவில்லை.

"அடியிலை சிவப்பெண்டால் அது செவ்வீயமாயிருக்கும். தண்ணி போட்டுத் தேய்ச்சவனோ, காயத் தேய்ச்சவனோ?" என்று கேட்டார்.

அவர் விளக்கியதும் பின்னர் நான் தேடிப் படித்ததும் இவையாகும். இரும்பு துருப்பிடியாதிருக்க அக்காலத்தில் அடிப்பூச்சாகச் செவ்வீயத்தைப் பூசினர். மஞ்சள், செம்மஞ்சள் வர்ணங்களிலே ஈயக் குரோமேற்று இருந்தது. தகடுகளின் பொருத்துகளை நிரப்பிய பற்றாசிலும் ஈயம் உண்டு. தகட்டோடு கெட்டியாக ஒட்டியிருக்கும்வரை பூச்சினால் தீங்கு குறைவு. காயத் தேய்க்கும்பொழுது அது கண்ணுக்குப் புலனாகாத நுண்தூசியாகின்றது. சுவாலையாற் கருக்கி எடுத்தால் ஈயப் புகையாகின்றது. மூச்சின் வழியாகவும், கழுவாத கையின் வழியாகவும் உட்புகுந்த ஈயம், கல்சியத்தின் வேடம் பூண்டு என்புகளிற் குடியேறிப் பல பத்தாண்டுகள் அங்கே தங்குகின்றது. வயிற்றுவலி, மலச்சிக்கல், சோகை, களைப்பு என்று அது மெல்லத் தலைகாட்டும். சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். உண்ணும் ஈயத்தில், வளர்ந்தோரின் உடல் ஏற்பதைப்போல நான்கைந்து மடங்கைச் சிறுகுழந்தையின் உடல் ஏற்கின்றது. சிதைவது வளரும் மூளை. தீங்கற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். ஒரு டெசிலீற்றர் குருதியில் 5 மைக்கிரோகிராம் இருந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறதெனக் கண்டு தடுக்கவேண்டும் என 2021இல் அது வழிகாட்டியது.

அன்று மாலையே கராஜுக்கு ஓடினேன். முதலாளி நகைத்தார்.

"என்ன மாஸ்ரர், ஈயம் பூசின பாத்திரத்திலை சாப்பிட்டுத்தானே நாங்கள் வளர்ந்தனாங்கள்?"

இங்கே மொழியும் நம்மை ஏமாற்றுகின்றது. பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். வர்ணத்தில் இருப்பது காரீயம். இரண்டும் வெவ்வேறு உலோகங்கள். பேச்சுவழக்கோ இரண்டையும் 'ஈயம்' என்றே அழைத்து, நஞ்சுக்கு நண்பனின் பெயரைச் சூட்டிவிட்டது. இதனை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சரி மாஸ்ரர். தண்ணி போட்டுக் கையாலை தேய்ச்சால் நாலு மடங்கு நாள் செல்லும். காசைக் குறைக்கச் சொன்னதும் நீங்கள்; கெதியாய் முடிக்கச் சொன்னதும் நீங்கள்."

எனக்கு விடை இல்லை. மேடைகளிலே 'சுரண்டல்' என்னும் சொல்லை எத்தனை முறை முழங்கியிருக்கிறேன்! அதன் நேர்ப்பொருளை, என் சொந்த வண்டியின் தகட்டிலே, என் மாணவனின் கையினால் அன்று கற்றேன்.

இது புதிதாகக் கண்டறிந்த உண்மையுமன்று. அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலே, குழந்தைகளை நஞ்சூட்டியது விறாந்தைக் கம்பிகளின் வர்ணமே என்று வைத்தியர் லொக்ஹார்ட் கிப்சன் 1904இல் எழுதினார். அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1910இல் வைத்தியர் அலிஸ் ஹமில்ரன் ஈயத் தொழிற்சாலைகளுக்குள் மட்டுமன்றித் தொழிலாளரின் வீடுகளுக்குள்ளும் புகுந்து நோயாளரைத் தேடினார். வர்ணம் பூசுவோரைக் காக்கும் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1921இல் நிறைவேற்றியது. நமது நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றது. வர்ணங்களில் ஈயத்துக்கு வரம்பு 2013இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அவ்வரம்பு புதிய வர்ணத் தகரத்துக்கே உரியது. பழைய தகட்டிலே காத்திருக்கும் நஞ்சை உரித்தெடுப்பவன் கையிலே எந்தச் சட்டமும் ஒரு முகமூடியைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

பேரம் பேசிக் குறைத்த பணத்தோடு மேலும் கொஞ்சம் கொடுத்தேன். எஞ்சிய வேலை நீர் தெளித்துக் கையால் நடந்தது. துணி முகமூடி நுண்தூசியைத் தடுக்காது; ஆகவே வடிகட்டி பொருத்திய முகமூடி வாங்கினோம். தும்புத்தடியாற் கூட்டுவதை நிறுத்தி, ஈரத் துணியால் நிலத்தைத் துடைத்தனர். வழித்த சேற்றைக் காயுமுன்னே மூடிக் கட்டினர். உண்ணுமுன் சவர்க்காரமிட்டுக் கைகழுவுவதும், வேலை உடையைக் கராஜிலேயே களைந்துவிட்டு வீடு செல்வதும் வழக்கமாயின. குழந்தைகள் வாசலோடு நிறுத்தப்பட்டனர். தங்கையின் திருமணம் வாடகை வானிலே நடந்தேறியது, ஒருவரும் குறைபட்டுக்கொள்ளவில்லை.

அண்ணனையும் தங்கையையும் வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். குருதியைச் சோதித்ததில் அவனுடைய அளவு கூடியிருந்தது. அச்சிறுமியினுடையதும் கூடியிருந்தது. மூன்று மாதத்தின்பின் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார். அந்த நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

ஆசிரிய நண்பர்களே, இடாப்பிலே சிவப்புக் கோடிட்டு நாம் நீக்கிய பெயர்கள் எங்கோ ஒரு பட்டறையில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கின்றன. ஒருமுறை சென்று, அவர்கள் எந்தத் தூசியைச் சுவாசிக்கிறார்கள் என்று பாருங்கள். வேலை கொடுக்கச் செல்வீர்களாயின், பேரம் பேசாதீர்கள்.